வைரவர் வேண்டாமென்ற கிடாய்

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் பழைய வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளை கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஓர் ஆட்டுக் கொட்டில். நடுவில் ஒரு வெள்ளை மறி. ஆடு வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், மறி என்றால் பெட்டை ஆடு. அதற்குத் தாடி இருந்தது. அது பரவாயில்லை, சில மறிகளுக்குத் தாடி வரும். ஆனால் அது கமராப் பக்கம் திரும்பி, மேலுதட்டைச் சுருட்டி, நாக்கை வெளியே விட்டுப் படபடவென்று அடித்துச் செருமியது. அது கிடாய் செய்கிற வேலை. மறிக்கு அந்தக் குரல் வராது. பாதிச் சோற்றோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு அவளை அழைத்தேன்.

"கொம்பு இருக்கோ பிள்ளை?"

"இல்லை மிஸ். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தேப்பனுக்கு?"

"தேப்பனுக்கும் இல்லையாம், தாய்க்கும் இல்லையாம். வீட்டுக்காரர் வடிவெண்டு கொம்பில்லாததாப் பாத்து வளத்தவையாம்."

"வளவுக்குள்ளை சனத்தை வைச்சுக்கொண்டு அதை வெட்டிப் பாக்க மட்டும் விட்டிடாதை" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். வாயால் சொல்லப் போனால் நான் இடையில் யாரையாவது ஏசத் தொடங்கிவிடுவேன். என் குணம் அது. அதனால் எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தின் பெயர் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆடு வேலியைத் தின்றுவிடும். வலிகாமத்துச் சனம் அதைச் சுருக்கி 'ஆட்டு மிஸ்' ஆக்கிவிட்டது. பயிற்சியெல்லாம் மலைநாட்டுக் குளிரில். அங்கே கற்றது புல்வெளியில் மேயும் கொழுத்த பசுக்களைப் பற்றி. இங்கே வந்தால் கிளுவங் குழையும் பூவரசங் குழையும் தின்று வளரும் ஆடுகள். முதல் வருடம் நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுக்குத்தான்.

பிறகு பல வைத்தியர்களுக்குக் கீழே வேலை செய்தேன். கடைசியாக இருந்தவர் மிருக வைத்தியர் ஞானசேகரம். மெலிந்த மனிதர். குரல் வெளியே வராது. ஒரு கொட்டிலுக்குப் போனால் உடனே உள்ளே நுழையமாட்டார். வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஆடுகள் அவரைப் பார்த்து முடித்து, மறந்து, மறுபடி அசைபோடத் தொடங்கும்வரை நிற்பார். அந்த நேரத்தில் நான் வாய் திறந்தால் கையை மட்டும் தூக்குவார்.

"முதல் பாப்பம் மிஸ். பேந்து தொடுவம். கதைக்கிறது கடைசியா."

உள்ளே போனதும் எல்லா ஆட்டுக்கும் ஒரே ஒழுங்கு. கண் இமையின் உட்பக்கம், தாடைக்குக் கீழே, விலா, மடி, கடைசியாக வாலைத் தூக்கிப் பார்ப்பது. என்ன நோய் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டாலும் அந்த ஒழுங்கு மாறாது. முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து தன் சவர்க்காரத் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். கையைக் கழுவிய பிறகுதான் பேச்சு. வீட்டுக்காரர்கள் அதுவரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவருடைய கணிப்புப் பிழைத்து நான் கண்டது ஒரே ஒரு தரம்தான். அது பத்மாக்காவின் வளவில்.

மயிலிட்டிப் பக்கம் இராணுவம் விட்டுக்கொடுத்த காணிகளில் சனம் திரும்பக் குடியேறிய காலம் அது. கால் நூற்றாண்டுக்கு மேலாக ஊர்ச்சனத்தின் கால் படாத இடம். கூரையில்லாத வீடுகளுக்குள் வேம்பும் ஆலும் வளர்ந்து யன்னலால் கையை நீட்டிக்கொண்டு நின்றன. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. எது தங்கள் வளவு என்று பலர் கிணற்றைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் ஸ்கூட்டியில் தனியே போவதற்கு எனக்கு விருப்பமில்லை. பயம் என்று அப்போது சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்கிறேன், பயம்தான்.

பத்மாக்கா புதுப்பெண்ணாக வந்து ஏறிய வீட்டில் மிஞ்சியிருந்தது நடு அறை மட்டும். நான்கு சுவரும் ஒரு யன்னலும் இருந்தன. முன்னால் வீட்டுத்திட்டத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, அந்த அறைக்குத் தகரம் போட்டு ஆட்டுக் கொட்டிலாக்கியிருந்தார். புருசன் இல்லை. மகன் ரமணன் மேசன் வேலை. அவன் வேலை கிடைக்கிற நாட்களில் உழைப்பான். கிடைக்காத நாட்களில் வீடு ஓடியது ஆட்டுப் பாலில். வாழ்வாதார உதவியென்று கொடுத்த ஒரு வெள்ளைப் பாலாட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதற்குக் கொம்பில்லை.

நான் முதல் தரம் போனபோது படலையைத் திறந்ததும் யன்னலில் ஒரு வெள்ளை முகம் தெரிந்தது. காதை மடித்து வைத்துக்கொண்டு அசையாமல் என்னைப் பார்த்தது. வீட்டுக்காரி என்று நினைத்து "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். பின்னாலிருந்து பத்மாக்கா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல காலம் மிஸ், அது ஓமெண்டு சொல்லேல்லை" என்றார்.

காணி திரும்பக் கிடைத்தால் தன் கொட்டிலில் பிறக்கும் முதல் கிடாயை வைரவருக்குத் தருவதாக அவர் நேர்ந்திருந்தார். அங்கே வைரவர் கோயிலில் வருடா வருடம் வேள்வி, கிடாய் வெட்டிப் பலி கொடுப்பார்கள். ஆளாளுக்குக் கிடாய் வளர்த்துக் கொண்டுபோய் மாலை போட்டு நிறுத்துவார்கள். கொம்பும் உடம்பும் எவ்வளவு எடுப்போ அவ்வளவு மதிப்பு. வெள்ளையாடு கிடாய்க் குட்டி போட்டது. பத்மாக்கா அதைப் பிள்ளைமாதிரி வளர்த்தார். ஆனால் கொம்பு முளைக்கவேயில்லை. வேள்வியன்று கோயிலைப் பொறுப்பாகப் பார்க்கும் நடராசா அண்ணை அதன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உது ஊனம் பத்மா. வைரவர் ஏற்கமாட்டார். மாத்திக் குடு."

பத்மாக்கா வேறொரு கொம்புக் கிடாயைக் கொடுத்து நேர்த்தியை முடித்தார். வைரவர் வேண்டாமென்ற கிடாய் ஊரில் நின்றது. மொட்டையன் என்று பெயர். கொம்புள்ள கிடாயெல்லாம் வருடா வருடம் வேள்விக்குப் போய்விடும். ஊர் மறிகள் கிடாய்க்குக் கத்தினால் கூட்டிக்கொண்டு போவதற்கு மொட்டையனை விட்டால் வேறு ஆளில்லை. அவனுக்குப் பிறந்த கொம்புக் கிடாய்க் குட்டிகளும் வேள்விக்கு வளர்ந்தன. கொம்பில்லாதவை பின்னால் நின்றன.

பிறகு நடந்தது ஊருக்கே கொண்டாட்டம். எங்களுடைய ஊர் ஆடு வழக்கமாக ஒன்று போடும், சில வேளை இரண்டு. மொட்டையனின் மகள்களில் கொம்பில்லாதவை இரண்டு, மூன்று என்று போட்டன. பால் நன்றாக இருந்தது. வேலியில் கொம்பு சிக்குகிற வேலையில்லை, பிள்ளைகளை முட்டுகிற பயமில்லை. சனம் கொம்புள்ள மறிகளை விற்றுவிட்டுக் கொம்பில்லாதவற்றை வைத்துக்கொண்டது. யார்தான் வைக்கமாட்டார்கள்? நானும் துள்ளிக்கொண்டுதான் திரிந்தேன். பத்மாக்காவின் ஒரு மறி நாலு குட்டி போட்ட அன்று நான் கைதட்டாத குறை. அவர் குட்டிகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இது பயமாக் கிடக்குது மிஸ். இவ்வளவு தாறவர் என்னத்தை எடுக்கப் போறாரோ."

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா" என்றேன்.

அடுத்த வருடம் வேள்விக்குத் தடை வந்தது. கோயிலில் பொங்கலோடு நிறுத்திக்கொண்டார்கள், வளர்த்து வைத்திருந்த கொம்புக் கிடாய்களை இறைச்சிக்கு விற்றுவிட்டார்கள். அதே வருடம்தான் பத்மாக்கா எனக்குக் கோல் எடுத்து, "மிஸ், கொட்டிலுக்குள்ளை கிடாய் கத்துது" என்றார்.

"மொட்டையன் வந்திருப்பான்."

"மொட்டையனை நடராசா அண்ணை வீட்டுப் பக்கம் கட்டியிருக்கு. உள்ளுக்கை மறியள் மட்டும்தான்."

நான் போனபோது சரியான மத்தியானம். காற்று விழுந்துபோய் ஓர் இலை அசையவில்லை. படலையடியிலேயே மணம் அடித்தது. கிடாய் மொச்சை நாற்றம், தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. யன்னலுக்குக் கிட்டப் போனேன். உள்ளே ஐந்தாறு மறிகள் சுவரோடு ஒண்டி நின்றன. நடுவில் வெள்ளைச்சி என்ற இளம் மறி. பிறந்தபோது நானே பெட்டைக் குட்டியென்று பார்த்துச் சொன்னது. கழுத்து தடித்து, முதுகு மயிர் நிமிர்ந்து, தாடி நெஞ்சைத் தொட்டது. மற்ற மறிகளை ஒவ்வொன்றாக மணந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி அந்தக் குரலில் செருமியது. ஓர் ஆண்பிள்ளை தொண்டையைக் காறுகிற குரல் அது. எத்தனையோ ஆட்டைப் பார்த்தவள் நான். அன்று யன்னலை விட்டுப் பின்னால் வந்து, பத்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"இது மட்டுமில்லை" என்றார் அவர். "இன்னும் ரண்டு மாறிக்கொண்டு வருது. வாறவை எல்லாம் கேட்டிட்டுப் போயினம். வைரவர் தன்ரை பங்கைக் கேட்டு வந்திட்டார் எண்டு கதை. துளசிக்கு அஞ்சு மாசம். உந்தப் பாலைக் குடிச்சால் பிள்ளை ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் பிறக்குமெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். தாய் வந்து அச்சுவேலிக்குக் கூட்டிக்கொண்டு போட்டா."

துளசி ரமணனின் மனைவி. முதல் பிள்ளை. அந்தப் பிள்ளை இந்த வளவில் வளரவேண்டும் என்பது ஒன்றுதான் பத்மாக்கா இடம்பெயர்ந்து திரிந்த வருடமெல்லாம் வைத்திருந்த ஆசை. ஆட்டை விற்றால் மருமகள் வருவாள், ஆனால் அடுப்பு எரியாது. ஆடு நின்றால் மருமகள் வரமாட்டாள். அவர் அழவில்லை. "நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ" என்று என் முகத்தைப் பார்த்தார்.

டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வழக்கம்போல வாசலில் நின்றார். அன்று வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். உள்ளே போய், கண் இமையில் தொடங்கி வால்வரை பார்த்தார். பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு ஆட்டின் உச்சந்தலையிலும் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, இதைப் பற்றிப் படித்திருந்தேன், இப்போதுதான் கண்ணால் காண்கிறேன் என்றார்.

"கொம்பில்லாத குணம் தாயிட்டையிருந்தோ தேப்பனிட்டையிருந்தோ ஒரு பக்கத்தாலை வந்தால் மறி மறிதான். குட்டியும் கூடப் போடுமெண்டுதான் சொல்லுகினம். ரண்டு பக்கத்தாலையும் வந்தால், பெட்டையாப் பிறக்கிறது பெட்டையா வளராது. இஞ்சை தேப்பன் மொட்டை, தாய் மொட்டை, தாயின்ரை தேப்பனும் அதே மொட்டையன். மரபணுவிலை வந்த வேலை அக்கா. வைரவர் ஒண்டும் செய்யேல்லை."

"இதை நீங்கள் ஊருக்குச் சொல்லவேணும் ஐயா" என்றார் பத்மாக்கா.

அந்தச் சந்தர்ப்பம் அடுத்த கிழமையே வந்தது. மாறியவற்றில் ஒன்று வயிறூதிச் செத்தது. டொக்டர் அதை வெட்டிக் காட்டினால் சனத்துக்கு விளங்கும் என்று நினைத்தார். வளவில் வேம்பின் கீழே சாக்கை விரித்து ஆட்டை மல்லாத்திக் கிடத்தினோம். நடராசா அண்ணை முன்னுக்கு நின்றார். அவருக்குப் பின்னால் ஊர்.

டொக்டர் மடியடியிலிருந்து மெதுவாகத் திறந்தார். குடலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பை இருக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். அது நூல்மாதிரிக் கிடந்தது. சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விதை. கிடாயின் விதைதான், சிறிதாக, வெள்ளையாக, வயிற்றுக்குள்ளே ஒளித்து வைத்தமாதிரி. அவர் அவற்றை வெட்டியெடுத்து, தண்ணீரில் கழுவி, ஒரு கோப்பையில் வைத்து நீட்டினார்.

"பாருங்கோ. பெட்டையின்ரை உடம்புக்குள்ளை கிடாயின்ரை உறுப்பு. உதுதான் கத்தினது, உதுதான் மணந்தது."

நடராசா அண்ணை கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"டொக்டர் சொன்னது சரி" என்றார். "குடுக்காத கிடாயை வைரவர் உள்ளுக்கை வந்து வைச்சிருக்கிறார்."

பின்னால் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினாள். டொக்டர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஏசத் தொடங்கினேன், அவர் கையைத் தூக்கினார். அன்றே கோயிலில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். கோயிலின் அடுத்த பொங்கலுக்கு முதல் பத்மாக்காவின் கொட்டில் வெறுமையாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டோடு கொண்டாட்டமும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை.

திரும்பிவரும் வழியில் டொக்டர் வாகனத்தை ஓட்டிக்கொண்டே, "வெட்டிக் காட்டினால் நம்புவினம் எண்டு நினைச்சன் மிஸ்" என்றார். "நம்பினவைதான், தங்கடை கணக்கிலை."

அதற்குப் பிறகு அவர் விளக்கம் சொல்லுவதை விட்டுவிட்டார். தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது, ஊரிலுள்ள ஆடெல்லாம் கோயில் முற்றத்துக்கு வரட்டும் என்று சொல்லியனுப்பினார். ஊசி போட்டு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, கொம்புள்ளவற்றைக் கிணற்றடியிலும் இல்லாதவற்றை மதிலடியிலும் பிடிக்கச் சொன்னார். மதிலடி நிரம்பிவிட்டது. கிணற்றடியில் நின்றவை கொஞ்சம்.

"நடராசா அண்ணை, மாறினது ஏதும் கிணத்தடியிலை நிக்குதோ எண்டு நீங்களே பாருங்கோ."

அவர் ஒவ்வொரு ஆடாகப் போய்ப் பார்த்தார். குனிந்து வாலைத் தூக்கிப் பார்த்தார். கிணற்றடியில் ஒன்றும் இல்லை. மதிலடியில் மாறியவை ஏழு எட்டு நின்றன, பத்மாக்காவினது மட்டுமல்ல. நடராசா அண்ணையின் சொந்த ஆடு ஒன்றும் தாடியோடு நின்றது. வீட்டுக்குப் பின்னால் மறைத்துக் கட்டி வைத்திருந்திருக்கிறார். அன்றுதான் ஊர் அதைக் கண்டது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப வைரவர் தான் வேண்டாமெண்ட வம்சத்தைத்தான் தொட்டிருக்கிறார்" என்றார் மெதுவாக.

"ஓம் அண்ணை. அப்பிடியே வைச்சுக்கொள்ளுவம்" என்றார் டொக்டர். "நல்ல கொம்புள்ளதை எல்லாம் அவருக்குக் குடுத்திட்டம். அவர் வேண்டாமெண்டதை எங்கடை மறியளுக்கு விட்டிட்டம். இனி மறியளுக்கும் ஒரு கொம்புக் கிடாய் வேணும். பிறக்கிறது ஒண்டும் பேந்து மாறாது."

எல்லார் கண்ணும் கோயில் கிணற்றுக்கு அப்பால் நடராசா அண்ணையின் வளவுக்குப் போனது. ஊரில் வளர்ந்த கொம்புக் கிடாய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கறுப்பு நிறம், பெயரும் கறுப்பன். கொம்பு பின்னால் வளைந்து முதுகைத் தொடப் பார்த்தது. பூவரசில் கட்டியபடி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது வேள்விக்கு விட்ட கிடாய்தான், ஆனால் வேறு கணக்கு. நடராசா அண்ணையின் மூத்த மகன் கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். அவன் வந்தால் இந்தக் கிடாய் வைரவருக்கு என்று நேர்த்தி. அவன் வரும்வரை கட்டிய கயிற்றை அவிழ்ப்பதில்லை என்பதும் அதில் சேர்த்தி. கிடாய் நின்ற இடத்திலேயே தின்றது, படுத்தது, கிழடாகிக்கொண்டிருந்தது. கீரிமலைக்குப் போய் மகன் செத்துப்போனதாக நினைத்து அந்தியேட்டி செய்துவிடுங்கோ என்று சொல்லப்போன சொந்தக்காரரை அவர் படலைக்கு வெளியே துரத்தியவர். வேள்விக்குத் தடை வந்தபோதும் அசையவில்லை. "முதல் அவன் வரட்டும். தடையைப் பேந்து பாப்பம்" என்றாராம்.

வெளியிலிருந்து ஒரு கிடாயைக் கொண்டுவருவது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அதை டொக்டர் சொல்லவும் செய்தார். ஆனால் சனம் ஒப்புக்கொள்ளவில்லை. வைரவருடைய கிடாய் சேர்ந்தால்தான் அவர் கோபம் இறங்கியதாகக் கணக்கு. அப்போதுதான் பத்மாக்காவின் கொட்டில் நிற்கலாம், பால் விற்கலாம். நானும் டொக்டரும் நடராசா அண்ணை வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"நீங்கள் படிச்ச ஆக்கள். நான் கயிறை அவிட்டு, அவன் வராமல் போனால் ஆர் பதில் சொல்லுறது?"

எனக்கு வாய் உன்னியது. டொக்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

கோயில் பொங்கலுக்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம், பத்மாக்கா கிடாய்க்குக் கத்திய மூன்று மறிகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தனியே நடந்தார். வழியில் வீடு வீடாகச் சனம் படலைக்கு வந்து பார்த்தது. ஒருவரும் கூடப் போகவில்லை. கதை கேள்விப்பட்டு நான் ஸ்கூட்டியில் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் நடராசா அண்ணையின் படலைக்கு வெளியே நின்றார். அண்ணை உள்ளே நின்றார்.

"அண்ணை, நீங்கள் கிடாயைத் தரவேண்டாம். கயிறை அவிழ்க்கவும் வேண்டாம். அது நிண்ட இடத்திலை நிக்கட்டும். நான்தான் மறியளைக் கொண்டு வந்திருக்கிறன்."

உள்ளே நின்றவர் படலையில் கையை வைத்தார்.

"என்ரை பேரப்பிள்ளை அச்சுவேலியிலை பிறக்கப் போகுது அண்ணை. நீங்கள் ஒரு பிள்ளைக்காகத்தான் உதைக் கட்டி வைச்சிருக்கிறியள். நானும் ஒரு பிள்ளைக்காகத்தான் வந்து நிக்கிறன்."

நடராசா அண்ணை அவரைப் பார்த்தார், மறிகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, வளவுக்குப் பக்கத்துக் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படலையைச் சாத்தவில்லை.

பத்மாக்கா உள்ளே போனார். நான் கூடப் போய் மறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கறுப்பன் இத்தனை வருடமும் ஒரு மறிக்குக் கிட்டப் போனதில்லை. முதலில் மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி நின்றது. கயிறு இறுகியது, பூவரசு ஆடி இலை கொட்டியது. உள்ளே கோயிலில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பூசை நேரமில்லை. மூன்றும் முடிந்து நாங்கள் படலைக்கு வெளியே வந்த பிறகுதான் அந்த மணி நின்றது.

துளசிக்கு அச்சுவேலியில் பெண்பிள்ளை பிறந்தது. சுகமான பிள்ளை. ஆனாலும் தாய்க்காரி அனுப்பவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மாரியில் கறுப்பன் கிடாய் ஒரு விடியற்காலை பூவரசடியில் காலை மடித்துப் படுத்தபடி செத்துக் கிடந்தது. கிழட்டு ஆடு, மழைக்குளிர். ஆனால் நடராசா அண்ணையின் நேர்த்தியில் கை வைத்ததால்தான் என்று ஊர் சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொன்னது. அவர் அதைத் தானே குழி வெட்டிப் புதைத்தார். பத்மாக்காவை அவர் ஒரு சொல் ஏசவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை விட்ட பிறகு மறிகள் குட்டி போட்டன. இரண்டு, மூன்று, இரண்டு. டொக்டர் வந்து வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போனது அன்றுதான். ஈரம் காயாத குட்டியின் உச்சந்தலையில் பெருவிரலை வைத்தார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மயிர் சுழிக்குக் கீழே தோல் எலும்போடு இறுகி ஒட்டியிருந்தது. கொம்பு வரப்போகிற இடம். எல்லாவற்றுக்கும் இல்லை. பாதிக்குக் கொம்பு, பாதி மொட்டை. ஆனால் மறியாகப் பிறந்தவை வளர்ந்தும் மறியாகவே நின்றன. குட்டிகளுக்குக் கொம்பு வருகிற விசயம் ஊர் முழுக்கப் போவதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் குட்டிகளின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்கள். பாலுக்குத் திரும்ப ஆள் வந்தது. குட்டிகள் குழை கடிக்கத் தொடங்கிய நேரம் ரமணன் அச்சுவேலிக்குப் போய் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். பத்மாக்கா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வளவு முழுக்க நடந்து, இது கிணறு, இது வேம்பு என்று காட்டிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நானும் டொக்டரும் குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது நடராசா அண்ணை படலையடியில் வந்து நின்றார். அந்த வளவுக்குள் அவர் கால் வைத்து வெகுகாலம். பத்மாக்கா பிள்ளையைத் துளசியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். நடராசா அண்ணை வாய் திறப்பதற்கு முதல் பத்மாக்கா கொட்டிலுக்குள் போய், கறுப்பனுக்குப் பிறந்த கிடாய்க் குட்டிகளில் உரமானதை, கொம்பு நுனி வெளியே தெரிந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். கறுப்புக் குட்டி. அவர் அதைச் சால்வைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொம்பை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். பிறகு டொக்டரிடம் திரும்பினார்.

"இது எத்தினை வருசம் உயிரோடை இருக்கும் டொக்டர்?"

டொக்டர் கையில் இருந்த மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார்.

"வடிவாப் பாத்து வளத்தால் பத்து, பன்னிரண்டு வருசம் இருக்கும் அண்ணை."

நடராசா அண்ணைக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் தலையை ஆட்டினார்.

"காணும், அவ்வளவும் போதும்" என்றார். "அதுக்குள்ளை வந்திடுவான்."